மாட்டெறச்சி கனல்ல சுடும்போது நம்ம பண்ற தப்புகள்

கிறிஸ்மஸ் பக்கத்துல வந்தாலே இப்பம் மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கம்லாம் மொட்டமாடியில நாலு செங்கல்ல அடுக்கி கம்பிவலைய போட்டு பீஃப் சுடுறது ஒரு வழக்கமாயிட்டு. நல்ல விஷயம்தான், ஆனா பாதி வீட்டுல வெளிய கரிஞ்சு உள்ள ரப்பர் ஷீட்டு மாதிரி இழுக்குது. கடைசியில எறச்சிக்கடை அண்ணன்மேல பழிய போட்டுட்டு எல்லாரும் பொரோட்டாவ சால்னாவுல முக்கி சாப்பிட்டு எந்திரிக்காங்க. தப்பு கடைக்காரர்கிட்ட இல்ல.

மொதல்ல ஒண்ண புரிஞ்சுக்கிடணும். வெளிநாட்டு வீடியோவுல ஸ்டேக் (தடிச்ச மாட்டெறச்சித் துண்டு) போடுறவன் கையில இருக்கது பெரும்பாலும் ரெண்டு வயசு வாக்குல அறுத்த மாடு. நம்ம மாநிலத்துல 1958-ல வந்த சட்டப்படி 10 வயசு தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாதுன்னோ, இல்லன்னா அடிபட்டோ தீராத நோய் வந்தோ அதுக்கெல்லாம் நிரந்தரமா ஆகாமப் போச்சுன்னோ சான்று இருந்தாத்தான் மாட்ட அறுக்கவே முடியும். உழுது, வண்டி இழுத்து, பால் கறந்து தீர்ந்த ஒடம்பு அது. வயசாக ஆக எறச்சிய பிடிச்சு கட்டி வச்சிருக்க கொலாஜன்ங்கற ஜவ்வு ஒண்ணோட ஒண்ணு பின்னி இறுகிடும். அதனால வெளிநாட்டு ரெசிபிய அப்படியே எடுத்து நம்ம கறியில பண்ணுனா சரியா வராது.

தப்பு கடையிலயே தொடங்கிடுது. "ஒரு கிலோ கறி"ன்னு மட்டும் சொன்னா அவரு கொழம்புக்கு வெட்டுற மாதிரி சதுரம் சதுரமா போட்டுத் தருவாரு, அத கனல்ல வச்சா எந்த மசாலாவும் காப்பாத்தாது. தொடக்கறி எல்லில்லாம ஒரே துண்டா குடுங்கன்னு கேட்டு வாங்குங்க, வீட்டுக்கு வந்து ஃப்ரீசர்ல ஒரு முக்கா மணிநேரம் வச்சா லேசா இறுகும், அப்பம் கத்தி அழகா ஓடும். வெட்டுறதுக்கு முன்னாடி நாரு எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாருங்க, வெறகுக்கட்டு மாதிரி ஒரே திசையில வரிவரியா தெரியும். அந்த வரிக்கு குறுக்க, கால் இஞ்ச் கனத்துல வெட்டணும். வரியோட போக்குல வெட்டுனா ஒவ்வொரு நாரும் முழு நீளமா வாயில மாட்டும், குறுக்க வெட்டுனா நாரு குட்டிகுட்டியா அறுபட்டு கடிச்ச ஒடனே பிரிஞ்சிரும். என்னைக் கேட்டா பாதி வேலை இந்த வெட்டுதான், மசாலா ரெண்டாவதுதான் வரும்.

ராத்திரி முழுக்க ஊறுனா மசாலா நடுவரைக்கும் எறங்கும்னு நெனைக்காங்க பாருங்க, அது உண்மையில்ல. மிளகாப்பொடி, நல்லமிளகு, உள்ளி, எண்ணெய் எல்லாம் மேல ஒரு சில மில்லிமீட்டர்தான் போகும், ஆழமா எறங்குறது உப்பு மட்டுந்தான். அதனால உப்ப மசாலாவோட கடைசியில போடாதீங்க. வெட்டுன ஒடனே கிலோவுக்கு 2 டீஸ்பூன் தூளுப்பு பெரட்டி ஒரு மணிநேரம் ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு அப்புறம் மசாலா பெரட்டுங்க. உப்பு உள்ள போனா சுடும்போது தண்ணி விட்டுக் காயுறது கொறையும்.

பச்ச பப்பாளிக்கா விஷயத்த கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ரெண்டு வருஷம் முன்னால சித்தப்பா வீட்டுல மூணு கிலோ கறி இதாலதான் வீணாச்சு. காயோட பாலுல பப்பெய்ன்னு ஒரு என்சைம் இருக்கு, அது புரதத்த அறுத்து மெதுவாக்கும். நாங்க ஒரு பெரிய காய அப்படியே அரைச்சு ராத்திரியே பெரட்டி வச்சோம், காலையில பாத்தா பெருசா ஒண்ணும் ஆன மாதிரி தெரியல, சரின்னு கனல்ல வச்சா மேல கஞ்சி மாதிரி கொழஞ்சு கம்பியில ஒட்டி வந்துட்டு, நடு மட்டும் அப்படியே கெட்டியா கெடக்கு. காரணம் என்னன்னா இந்த என்சைம் குளிர்ல பைய வேலை செய்யும், 50 டிகிரிக்கு மேல சூடானா வெறி பிடிச்ச மாதிரி அறுக்கும், இன்னும் சூடானாத்தான் அடங்கும். அதுவும் மேல்பக்கத்துலதான், நடுவுக்குப் போகாது. மெல்லிசா வெட்டுன ஒரு கிலோவுக்கு தோலோட அரைச்சது ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு மணிநேரம், அவ்வளவு போதும். பழுத்த பப்பாளி அந்த அளவுக்கு வேலை செய்யாது. அன்னாசியிலயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, ஆனா டின்ல வர்றது சூடாக்குனது, அதுல உயிர் இருக்காது. பச்ச இஞ்சியிலயும் கொஞ்சம் உண்டு, அதனால இஞ்சிய அப்பப்பம் இடிச்சுப் போடுங்க.

வினிகரும் எலுமிச்சஞ்சாறும் அதிகம் ஊத்தி நேரம் கடத்துனா மேல்தோல் வெளுத்து மாவு மாதிரி ஆயிரும். தயிர் பரவால்ல, புளிப்பு கம்மி.

இன்னொண்ணு, நெஞ்சுக்கறி, முழங்கால், கழுத்து, இதுல வெள்ளையா ஜவ்வு நெறைய ஓடும். இத பச்சையா கனல்ல வைக்காதீங்க. ஜவ்வு 60 டிகிரி தாண்டும்போது சுருங்கி எறச்சிய பிழிஞ்சு விட்டுரும், கரைஞ்சு பசையா மாற அதுக்கு மேல ஈரச்சூடும் நெறைய நேரமும் வேணும், அஞ்சு நிமிஷ கனல்ல அது நடக்காது. பெரிய துண்டா குக்கர்ல உப்பு, மஞ்சள், இஞ்சி, கொஞ்சம் தண்ணி விட்டு விசில் வந்ததும் சிம்ல ஒரு 20 நிமிஷம் வச்சு முக்கா வேக்காடு ஆக்கிட்டு, அந்தத் தண்ணிய வத்தவச்சு மசாலாவுல கலந்து பெரட்டி, அப்புறம் சுடுங்க. இப்படி செஞ்சா சுட்டது இல்லன்னு சிலபேரு சொல்லுவாங்க, சொல்லட்டும், சாப்பிடும்போது வித்தியாசம் தெரியும்.

ஊறவைக்கிறத அடுக்களை மேடையில வைக்காதீங்க, நம்ம சூட்டுக்கு ஒரு மணிநேரமே அதிகம். பச்சக்கறி ஊறுன மசாலாவ வெந்த துண்டுமேல தடவுறதும் தப்பு, வேணும்னா கொதிக்கவச்சு தடவுங்க, இல்லன்னா முன்னாடியே கொஞ்சம் தனியா எடுத்து வச்சிருங்க.

கனலுக்கு வருவோம். சிரட்டைய (தேங்கா ஓடு) அப்படியே போட்டு கொளுத்தி, தீ நாக்கு எழும்பும்போதே கறிய வச்சா புகைக்கரி படிஞ்சு கசக்கும். சிரட்டை எரிஞ்சு தீ அடங்கி, மேல வெள்ளச் சாம்பல் பூத்த அப்புறந்தான் வைக்கணும். கனல ஒரு பக்கமா ஒதுக்குங்க, கொழுப்பு சொட்டி தீ எழும்பிச்சுன்னா மறுபக்கம் நகத்திக்கிடலாம், இல்லன்னா தண்ணி தெளிச்சு சாம்பல் எல்லாம் கறியில ஒட்டும். வைக்கதுக்கு முன்னாடி மேல வழியுற மசாலாவ வழிச்சு எடுத்துருங்க, ஈரம் இருந்தா கறி சுடாது, அவியத்தான் செய்யும், அந்த செவந்த நிறமும் மணமும் வராது. நெருக்கி அடுக்காதீங்க. மெல்லிசு துண்டுக்கு ஒரு பக்கம் ரெண்டு மூணு நிமிஷம் போதும், இன்னும் கொஞ்சம் கெடக்கட்டும்னு விட்டாத்தான் காய்ஞ்சு போவுது. எடுத்த ஒடனே அறுக்காம அஞ்சு நிமிஷம் தட்டுல விடுங்க, அதுக்குள்ள மரச்சீனிய (மரவள்ளிக்கெழங்கு) வடிச்சு, காந்தாரி மொளகா சம்மந்திய (தொவையல்) இடிச்சு வச்சிரலாம்.

மிச்சம் இருந்தா மறுநாள் திரும்ப கனல்ல வைக்காதீங்க, கண்டிப்பா இறுகிடும். பொடிசா நறுக்கி தேங்காக்கொத்து, சின்ன உள்ளி, கறிவேப்பில போட்டு தேங்கெண்ணெயில நல்லமிளகு தூக்கலா வதக்குங்க, கஞ்சிக்கு கொள்ளாம்.