நரக வாரத்துக்கு மனத்தைப் பழக்குவது எப்படி?

அமெரிக்கக் கடற்படையின் சிறப்பு அதிரடிப் படையான சீல் பிரிவில் சேர விரும்புவோர், கலிபோர்னியா மாநிலத்தின் கொரனாடோ கடற்கரையில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியைக் கடந்தாக வேண்டும். அதன் முதல் கட்டத்தில் வரும் ‘நரக வாரம்’ ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி வரை நீள்கிறது. அத்தனை நாட்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும் உறக்கம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே. விலக விரும்புபவர் பித்தளை மணியை மூன்று முறை அடித்துவிட்டு, தம் தலைக்கவசத்தை வரிசையில் வைத்துவிட்டுச் செல்லலாம். சேருபவர்களில் பெரும்பாலோர் இறுதிவரை வருவதில்லை. இத்தனைக்கும் அவர்கள் அனைவரும் உடல்தகுதித் தேர்வில் தேறி வந்தவர்கள். இப்படிப்பட்ட பயிற்சிக்கு, அது எந்த நாட்டுப் படையினுடையதாக இருந்தாலும், மனத்தை முன்கூட்டியே எவ்வாறு தயார்ப்படுத்துவது என்பதைப் பார்ப்போம்.

உடலை முதலில் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஓட்டத்திலும் நீச்சலிலும் குறைந்தபட்ச அளவை எட்டிப்பிடித்த நிலையில் போகிறவருக்கு முதல் நாளிலேயே மூச்சு வாங்கும். அதற்குப் பிறகு மன உறுதியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. உடல் சமமாக இருக்கும் இருவரில் ஒருவர் மணியை நோக்கி நடப்பதும் மற்றவர் நிற்பதும் ஏன் என்ற இடத்தில்தான் மனம் கணக்கில் வருகிறது.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 2004இல் சேர்ந்த மாணவர்களை உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த்தும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, மதிப்பெண், உடல்தகுதி, தலைமைத் திறன் ஆகியவற்றைக் கூட்டிக் கல்லூரி வழங்கும் தரமதிப்பீட்டைவிட, நீண்டகால இலக்கை விடாமல் பற்றும் இயல்பே முதல் கோடைப் பயிற்சியில் நிலைப்பவர் யார் என்பதை நன்றாகக் காட்டியது. 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு சீல் பயிற்சி பெறுபவர்களையே எடுத்துக்கொண்டது: மன அழுத்தம் தம்மை வளர்க்கும் என்று கருதியவர்கள் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தார்கள், தடைகள் நிறைந்த ஓட்டத்தையும் விரைவாக முடித்தார்கள். விடாப்பிடி பிறவிக்குணம் என்று சொல்லி ஒதுங்குபவர்களை நான் நம்புவதில்லை. அதில் பெரும்பகுதி பழக்கம்.

அப்பழக்கங்களில் முதன்மையானது காலத்தைச் சுருக்கிக்கொள்வது. குளிர்ந்த அலையில் தோழர்களோடு கைகோத்துப் படுத்திருக்கும் நேரத்தின் வலியைவிட, ‘இன்னும் மூன்று இரவுகள் இருக்கின்றனவே’ என்ற கணக்கே ஆளை அதிகம் வீழ்த்துகிறது. நரக வாரத்திலும் உணவு வேளை தவறாமல் வரும். ஆகவே அடுத்த சாப்பாடு வரை என்பதே உங்கள் எல்லையாக இருக்கட்டும், அதுவும் தொலைவாகத் தோன்றினால் தலைமேல் சுமக்கும் ரப்பர் படகை அடுத்த திருப்பம் வரை கொண்டுபோவது மட்டும். இதை இப்போதே பழக வேண்டும். நீண்ட ஓட்டத்தில் மொத்தத் தூரத்தை எண்ணாமல், கண்ணுக்குத் தெரியும் அடுத்த மரத்தை எல்லையாக வையுங்கள். விலகும் எண்ணம் வந்தால் அதை மறுத்து வாதாடாதீர்கள். ‘சாப்பிட்ட பிறகு முடிவு செய்வோம்’ என்று தள்ளிப்போடுங்கள். வலியின் உச்சத்தில் எந்த முடிவையும் எடுப்பதில்லை என்ற விதியை வீட்டிலேயே வகுத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்தது மன ஒத்திகை. சீல் பயிற்சியின் இரண்டாம் கட்டத்தில் ஒரு நீர்த்தேர்வு உண்டு. நீருக்கடியில் இருக்கும் பயிற்சி பெறுபவரின் வாயிலிருந்து காற்றுக்குழாயைப் பயிற்றுநர் பிடுங்குவார், முடிச்சிடுவார், காற்றை அடைப்பார். பதறி மேலே வராமல், வகுத்த வரிசைப்படி ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டும். வெற்றி பெற்று நிற்பதாகக் கற்பனை செய்வது இங்கே உதவாது. முடிச்சு அவிழாமல் போவதையும், மார்பு இறுகுவதையும், அப்போது கை எந்த வாரை முதலில் தேடும் என்பதையும் கண்ணை மூடி நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, நான்கு எண்ணும் வரை விடும் பயிற்சியையும் தினமும் கரையில் செய்துவாருங்கள். நீருக்குள் இறங்கும் முன் படபடப்பைத் தணிக்க அது கைகொடுக்கும். மூச்சை அடக்கும் பயிற்சியைத் தண்ணீரில் தனியாக ஒருபோதும் செய்யக் கூடாது.

உள்ளுக்குள் பேசும் பேச்சு குறுகியதாகவும் செயலைச் சுட்டுவதாகவும் இருக்கட்டும். ‘நான் மாவீரன்’ என்பதை நடுங்கும் உடல் நம்பாது. ‘காலை நகர்த்து’ என்பதற்குக் கீழ்ப்படியும். கவனம் தன்மேலேயே குவியும்போது வலி பெருகுவதால், படகைச் சேர்ந்து சுமக்கும் குழுவில் தளர்ந்திருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்வது இருவருக்குமே பயன்படும். அது நல்லவர் என்று பெயர் வாங்குவதற்காக அன்று.

விடாப்பிடிக்கு ஓர் எல்லையும் உண்டு. 2022 பிப்ரவரியில் நரக வாரத்தை முடித்த இளைஞர் ஒருவர், சில மணி நேரத்திலேயே நிமோனியாவால் உயிரிழந்தார். தசைவலி, குளிர், தூக்கமின்மை ஆகியவை பொறுக்க வேண்டியவை. ஓய்விலும் அடங்காத மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், குழம்பிய பேச்சு ஆகியவை அந்த வகையில் சேரா. இந்தப் பட்டியலைப் போகும் முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இவற்றில் ஒன்றை உங்களிடமோ குழுத்தோழரிடமோ கண்டால், தகுதியிழப்போம் என்று மறைக்காமல் மருத்துவப் பணியாளரிடம் அப்போதே சொல்லுங்கள்.