குளிரில் மைலேஜ் குறைந்தது: தெர்மோஸ்டாட் மாற்றிய அனுபவம்

ஊட்டியில் ஜனவரி காலையில் பெட்ரோல் கார் கொஞ்சம் அதிகம் குடிக்கத்தான் செய்யும். எஞ்சின் சூடாகும்வரை ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். ஆயிலும் கெட்டியாக இருக்கும். ஆனால் இருபது நிமிடம் ஓட்டியும் சூடு ஏறவில்லை என்றால் பழி குளிர்மேல் இல்லை.

என் காரில் ஓபிடி ஸ்கேனரை (காரின் கணினியைப் படிக்கும் கருவி) மாட்டிப் பார்த்தபோது, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 62 டிகிரியைத் தாண்டவே இல்லை. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே கூலன்ட்டை ஆறவைக்கும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெதுவெதுப்பானது. எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது மூடியிருந்தால் ஹோஸ் வெகுநேரம் சில்லென்றுதான் இருக்கும். ஆக, வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கூலன்ட்டை வடித்து, தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, பழைய சீல் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டினேன். 82 டிகிரி என்று பொறித்த புதியதை மாட்டுமுன் பாத்திரத்தில் தண்ணீரோடு சூடாக்கிப் பார்த்தேன். 82ஐ ஒட்டித் திறக்கத் தொடங்கியது. அதிலுள்ள சிறு காற்றுத்துளை மேல்பக்கம் வரவேண்டும். இல்லையேல் காற்று அடைத்துக்கொள்ளும். கூலன்ட்டும் வாலைவடிநீரும் (டிஸ்டில்டு வாட்டர்) பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி அடங்கும்வரை ஓடவிட்டு, குறைந்ததை நிரப்பினேன்.

இப்போது 85க்கும் 90க்கும் இடையில் நிற்கிறது. 'ஓவர்ஹீட் ஆகாது' என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடும் மெக்கானிக்குகள் உண்டு. மலையில் அது பெட்ரோலுக்குப் பிடித்த சனி.

டயரையும் பாருங்கள்: வெப்பநிலை 5, 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும்.