விளையாட்டை நிறுத்திய பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பது எப்படி?

திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் நேற்றுவரை ஓடிய பிள்ளை "கொஞ்ச நாள் வேண்டாம்" என்றால் ஏன் ஏன் என்று குடையாதீர்கள், சரி என்று மட்டும் சொல்லுங்கள். "பயந்திட்டான்" என்று ஊர் பேசத்தான் செய்யும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அணி இறுதிப்போட்டியின் நடுவே விலகிய அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸையும் அப்படித்தான் திட்டினார்கள், ஆனால் காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிய நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்தே முறிந்திருக்கலாம். அவர் 2024 பாரிஸில் 3 தங்கம் வென்றார்தான், அதைக் காட்டிப் பிள்ளையை நெருக்காதீர்கள். பேஸ்புக் கொமெண்ட்டுகளுக்குப் பதில் எழுத வேண்டாம், மோசமானதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் பண்ணுங்கள். அப்புறம், கூட்டாளிகளோடு பின்னேரம் கடற்கரைக்குப் போவது நிற்கக்கூடாது. தூக்கமும் சாப்பாடும் குறைந்து இரண்டு கிழமை தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல், உடனே இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழையுங்கள்.