ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கப் போகாதீர்கள்

திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு நகரில் எட்டு வருஷமாகக் குடியிருக்கிறேன். நகர் என்பது பெயரில்தான். நாங்கள் வந்தபோது மூன்று வீடு, மிச்சமெல்லாம் கல் நட்ட மனை. இப்போது நாற்பது வீடு, ரெண்டு மளிகைக் கடை, ஒரு டியூஷன் சென்டர், காலை ஏழரைக்கு வரிசையாகப் பள்ளிக்கூட வேன். மாசத்துக்கு ஒருத்தராவது போன் போட்டு, "உங்க பக்கம் இடம் பாக்கலாம்னு இருக்கோம், எப்படி?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்னைக்குப் போய்ப் பாத்தீங்க? அநேகமாக எல்லாரும் சொல்வது, மாசி பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மாசி பங்குனியில் டெல்டாவில் எந்த இடமும் அழகாகத்தான் இருக்கும். சம்பா அறுத்து முடிந்து, வயலில் உளுந்து பச்சையாகப் படர்ந்து கிடக்கும், கார் மனை வரைக்கும் போகும், புரோக்கர் இளநீர் வெட்டிக் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ரோட்டிலும் கூட்டம் இருக்காது, "திருச்சி இங்கேர்ந்து அரை மணி நேரம்தான் சார்" என்று அவர் சொல்வதும் அன்றைக்கு உண்மையாகவே இருக்கும். அதே மனையைக் கார்த்திகையில் நாலு நாள் அடைமழைக்கு அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்திருந்தால் பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்திருக்க மாட்டார்கள். மீதிப் பேர் விலையைக் குறைத்துக் கேட்டிருப்பார்கள்.

என் தப்பையே சொல்கிறேன். வீடு கட்டும்போது ரோட்டைவிட ரெண்டடி உயரம் வைத்தால் போதும் என்று மேஸ்திரி சொன்னார், நானும் சரி என்றேன். தண்ணீர் ரோட்டிலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது பின்பக்கத்து வயலிலிருந்து வந்தது. ஆடு மேய்க்க வரும் ஆயா ஒருத்தர் சாவகாசமாகச் சொன்னார்: "தம்பி, இது பள்ளத்து வயலு, மேலக்காட்டுத் தண்ணி பூரா இங்க வந்துதான் வடியும், ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?" யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

டெல்டாவில் வாய்க்கால் ரெண்டு வகை. ஒன்று வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாசன வாய்க்கால், இன்னொன்று மிஞ்சிய தண்ணீரை வெளியே கொண்டுபோகும் வடிகால். மனை போடுகிறவர்கள் வயலுக்குள் ஓடும் கன்னி வாய்க்காலை மண் அடித்து மூடும்போது ரெண்டும் சேர்ந்தே போய்விடுகிறது, வெயில் காலத்தில் அது யார் கண்ணிலும் படாது. அதனால் மனை பார்க்கப் போகும்முன் அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் அரசு வரைபடம்), கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தையும் ஒரு தடவை பாருங்கள். புலப்படம் இணையத்திலேயே கிடைக்கிறது. படத்தில் வாய்க்கால் புறம்போக்கு இருந்து தரையில் இல்லை என்றால், அது காணாமல் போகவில்லை, ஐப்பசியில் திரும்பி வரும்.

அடுத்தது யாரும் பேசக் கூச்சப்படுகிற விஷயம், செப்டிக் டேங்க். புறநகரில் பாதாளச் சாக்கடை கிடையாது, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிக் குழிதான். 2021 நவம்பர் மழையில் எங்கள் வீட்டுக் கழிப்பறையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் களக் களக் என்று சத்தம் போட்டுவிட்டு அப்படியே நிற்கும். லாரியைக் கூப்பிட்டோம், குழாயைப் போட்டு முழுசாக உறிஞ்சிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பழையபடி நிரம்பியிருந்தது. நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சாது, வெளித் தண்ணீர்தான் உள்ளே வரும், ஆக நாங்கள் காசு கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்பியது முக்கால்வாசி மழைத் தண்ணீர். தொட்டியின் அடியையும் பக்கச் சுவரையும் தண்ணீர் கசியாமல் பூசி, தொட்டியையே மேடாக்கிக் கட்டியிருந்தால் இந்தக் கூத்து இருந்திருக்காது. கட்டும்போது கூடுதலாகக் கொஞ்சம் செலவு, அவ்வளவுதான். போர் குழாயை அதற்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டு நல்ல தண்ணீர் என்று குடிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை.

போர் தண்ணீரைப் பார்க்கவோ வேறு மாசம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும்போது எந்தப் போரும் நன்றாகத்தான் கொட்டும். சித்திரை, வைகாசியில் பக்கத்து வீட்டு மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினால் டேங்க் நிரம்புகிறது என்று கேளுங்கள். வல்லம் பக்கத்துச் செம்மண் மேடும், வெண்ணாற்றங்கரைக் களிமண்ணும் ஒன்றல்ல. மேட்டில் வெள்ளப் பயம் குறைவு, ஆனால் போர் ஆழமாகப் போகும். ஆற்றோரத்தில் தண்ணீர் சீக்கிரம் கிடைக்கும், அந்தக் களிமண்ணோ மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும், அஸ்திவாரத்தை அதற்குத் தகுந்தபடி போடாவிட்டால் சுவரில் கோடு விழும்.

சரி, தினமும் போய்வருவதற்கு வருவோம். இதில்தான் கணக்கு அதிகமாகத் தப்புகிறது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 55 கிலோமீட்டர் சொச்சம், நாலுவழிச் சாலை, ரயிலில் இரட்டைப் பாதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் நாற்காலி வரைக்கும் எண்ணிப் பாருங்கள். உள்ளே இருக்கும் நகரிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர வண்டி, வண்டியை நிறுத்த இடம், அப்புறம் பஸ்ஸோ ரயிலோ, இறங்கி இன்னொரு பஸ். பூதலூர், சோளகம்பட்டி, ஆலக்குடி மாதிரி ஸ்டேஷன்களில் எல்லா எக்ஸ்பிரஸும் நிற்பதில்லை, சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறவும் முடியாது. காலை வண்டி சரியாக இருக்கும், சாயங்காலம் திரும்பும் வண்டிதான் காலை வாரும். எனவே இடம் பார்க்கும்போது போகிற வண்டியை விட்டுவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் திரும்ப என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தாலும் அதே கேள்விதான், ஆட்டோ உள்ளே வருமா?

இன்னொன்று, இன்றைக்கு இருக்கிற பஸ் ஸ்டாண்டு நாளைக்கும் அங்கேயே இருக்கும் என்று நம்பி வீடு வாங்குவது. 2025-ல் திருச்சி பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர் பஸ்களின் போக்கே மாறியது, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் இப்போது இன்னொரு பஸ் மாறுகிறார்கள். மகளிர் இலவசப் பயணத்தையும் கணக்கில் சேர்க்கும்முன் விசாரியுங்கள். அது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான், உங்கள் ஊர் வழியாக ஓடுவது ஊர் விட்டு ஊர் போகும் மப்சல் பஸ் மட்டும் என்றால் வீட்டம்மாவுக்குத் தினமும் டிக்கெட்தான்.

காரில் போகிறவர்களுக்கு வாழவந்தான்கோட்டை சுங்கச்சாவடி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த 3,000 ரூபாய் வருடாந்திரப் பாஸை எடுத்துவிட்டு வருஷம் முழுக்க நிம்மதி என்று என் ஆபீஸ் நண்பர் ஒருவர் இருந்தார். அது ஒரு வருஷம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். ஒரு தடவை சாவடியைத் தாண்டினால் ஒரு பயணம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, ஆக நூறு வேலை நாளில் பாஸ் காலி. சாவடிக்கு 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்குச் சொந்தக் காருக்கு மாதாந்திர உள்ளூர்ப் பாஸ் உண்டு, அதற்கு எண்ணிக்கை கிடையாது. எது கட்டுப்படி என்று பென்சிலால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். டூ வீலருக்குக் காசு இல்லை, ஆனால் அந்த லாரிகளுக்கு நடுவே மழையில் தினமும் ஓட்டுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பத்திர விஷயத்தில் எல்லாரும் வில்லங்கச் சான்று, பட்டா வரைக்கும் பார்க்கிறார்கள், நல்லது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி வேண்டும், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் வேண்டும். 2016 அக்டோபர் 20 வரை விற்ற பழைய அங்கீகாரமில்லாத மனை என்றால் அதை முறைப்படுத்தித் தந்த வரன்முறை ஆணையைக் கேளுங்கள். இவ்வளவும் கேட்கிறவர்கள்கூடக் கேட்க மறப்பது, மனைப்பிரிவின் ரோட்டையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்றா என்பது. எங்கள் நகரில் அது எழுதப்படாமலே கிடந்தது. ரோடு கேட்டு மனு கொடுத்தால் "ரோடு இன்னும் எங்க பேர்லயே இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். தெருவிளக்குக்கும் அதே பதில். அலைந்து சரிசெய்ய நாலு வருஷம் ஆனது.

வயல் பார்த்த வீடு என்று கூடுதல் விலை கொடுப்பதும் தவறுதான். "இது பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம், எதிர்க்க எப்பவும் வயல்தான்" என்று விற்பார்கள். 2020-ல் வந்த அந்த வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை மாதிரித் தொழில்களைத் தடுக்கிறது. வீட்டு மனையை அது தடுக்கவில்லை. என் வீட்டு ஜன்னலுக்கு எதிரே மூணு வருஷம் வயல் இருந்தது, இப்போது ஒரு காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. சரி, நாமும் ஒருத்தர் வயலில்தானே வீடு கட்டியிருக்கிறோம்.

வயல் இருக்கும்வரை வயலோடு வாழவும் தெரிய வேண்டும். தை மாசம் அறுவடை மிஷின் ஓடினால் தூசு அடுப்படி வரைக்கும் வரும், கொள்முதல் நிலையத்துக்குப் போகும் டிராக்டர் பாதி ரோட்டை அடைக்கும், மீதி ரோட்டில் நெல் காயும். மழைக்குப் பாம்பு வரும். இதற்கெல்லாம் ஊர்க்காரர்களிடம் சண்டைக்குப் போகிற புதுக் குடித்தனக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். 2018-ல் கஜா புயல் அடித்தபோது கரண்டு இல்லாத எங்களுக்கு டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிவந்து டேங்க் ரொப்பிக் கொடுத்தது அதே ரோட்டில் நெல் காயவைக்கிற ஆள்தான். பிள்ளைகள் தெருவில் விளையாடுகின்றன, கீரை காலையில் பறித்தது சாயங்காலம் வதங்குவதற்குள் சமைந்துவிடுகிறது, திருச்சி வாடகையில் பாதிக்கு ரெண்டு ரூம் அதிகம். இதெல்லாம் நிஜம், இல்லாவிட்டால் நான் எப்போதோ மூட்டை கட்டியிருப்பேன்.

போன வருஷம் ஆபீஸ் தம்பி ஒருவன் எங்கள் நகரில் மனை பார்த்துவிட்டு வந்தான். வாங்காதே, முதலில் ஒரு கார்த்திகையும் ஒரு வைகாசியும் வாடகைக்கு இருந்து பார் என்று சொல்லி ஒரு மாடி வீட்டைப் பிடித்துக் கொடுத்தேன். அவன் மனைவிக்கு என்மேல் கோபம், விலை ஏறிவிடும் என்று. கார்த்திகையில் ஒருநாள் காலை ஆறு மணிக்கு போன். "அண்ணே, மாடியிலேர்ந்து பாக்கறேன், நான் பாத்த மனையில கொக்கு நிக்குது." அந்தக் கொக்கு நாலு நாள் அங்கேயே நின்றது. அவன் வைகாசியில், ரெண்டு தெரு தள்ளி மேட்டில், சதுரடிக்கு அம்பது ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினான்.