ஒற்றைப் பீப்பாய் ஸ்காட்ச்: முதல்முறை ருசிப்பவர்களுக்கு

விஸ்கி வடிசாலைகளிடமிருந்து பீப்பாய்களை வாங்கி, தங்கள் பெயரிலேயே பாட்டிலில் அடைத்து விற்பவர்கள் ஸ்காட்லாந்தில் வெகுகாலமாக இருக்கிறார்கள். 1842இல் அபர்டீனில் தொடங்கிய கேடன்ஹெட், 1895இல் எல்கினில் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபெயில் எல்லாம் அந்த வரிசைதான். பல பீப்பாய்களைக் கலந்து ஒரே ருசிக்குக் கொண்டுவராமல், ஒரே பீப்பாயை அப்படியே அடைத்தால் சில நூறு பாட்டில்கள்தான் கிடைக்கும். தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் அவசரப்படாமல் குடியுங்கள்.

முதலில் லேபிளைப் படியுங்கள். வடித்த ஆண்டு, அடைத்த ஆண்டு, பீப்பாய் எண், மதுச்சதவீதம் இருக்கும். ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் வைத்திருந்த பீப்பாயா, பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கி வைத்திருந்ததா என்பதையும் பாருங்கள். பாதி ருசி அங்கிருந்துதான் வருகிறது.

வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் 15 மில்லி ஊற்றி, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். ஐஸ் வேண்டாம். அப்புறம் வாயை லேசாகத் திறந்தபடி, கோப்பையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து முகருங்கள். மூக்கை உள்ளே விட்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

முதல் மடக்கை நம்பாதீர்கள். மது 55, 60 சதவீதம் இருந்தால் நாக்கு மரத்துப்போகும். இரண்டாவது மடக்கில்தான் விஸ்கி பேசும்.

இனி தண்ணீர். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சிறு கரண்டியால் ஒரே ஒரு சொட்டு விட்டு, கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எண்ணெய் இழைபோல நெளிநெளியாகச் சுழன்று கரையும். சிலவற்றில் லேசாகக் கலங்கும். பயப்பட வேண்டாம், குளிரவைத்து வடிகட்டாததால் தங்கிய கொழுப்புப் பொருள்கள்தான் அவை. மறுபடி முகருங்கள். சற்றுமுன் வெறும் காரமாக இருந்த இடத்தில் பழமோ தேனோ எட்டிப்பார்க்கும். போதும் என்று தோன்றும்வரை சொட்டுச் சொட்டாகவே சேருங்கள். அதிகமானால் திரும்ப எடுக்க முடியாது.

தோன்றியதை உங்கள் சொற்களிலேயே எழுதுங்கள். ஸ்காட்லாந்து மேட்டுநிலங்களில் பூக்கும் ஹெதர் பூவை முகர்ந்ததே இல்லையென்றால் அதை எழுதாதீர்கள். பழைய வெல்லம், உலர்திராட்சை, சாம்பிராணி என்று வந்தால் அதுவே சரி. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில், பீட் என்ற சதுப்புநிலக் கரிமண்ணை எரித்த புகை ஏறிய விஸ்கி பலருக்கு ஆஸ்பத்திரி வாசனையாகத்தான் படும். தயங்காமல் அப்படியே எழுதுங்கள்.

ஒரு நாளில் மூன்று விஸ்கிகளுக்கு மேல் வேண்டாம். புகைவாசம் உள்ளதைக் கடைசியில் வையுங்கள், இடையில் தண்ணீர் குடியுங்கள். வண்டியைத் தொடாதீர்கள்.

கோப்பையைக் கழுவாமல் வைத்து, காலையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். மது பறந்துபோயிருக்கும், பீப்பாயின் மரவாசம் மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.