பழைய ரோம் பிரிண்ட்ல கட்டடத்த விட்டுட்டு தரைய பாருங்க

1700கள்ல செப்புத்தகடுல படம் செதுக்கி அச்சடிச்ச இத்தாலிக்காரர் பிரனேசி. அவரு போட்ட ரோம் படம் எதயாவது தொறந்தா கண்ணு நேரா தூணு, கோபுரம்னு மேல ஏறிடும், எல்லாருக்கும் அப்படித்தான். அன்னைக்கு அங்க ஜனங்க எப்படி பொழச்சாங்கன்னு தெரியணும்னா படத்தோட கீழ் கால் பாகத்துலதான் வேலை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் சைட்ல பெரிய சைஸ்ல ஃப்ரீயாவே கெடைக்குது, டவுன்லோட் பண்ணி அந்த கீழ்ப்பகுதி மட்டும் தெரியுற மாதிரி ஜூம் பண்ணுங்க. மொபைல் வேணாம், கண்ணு போயிடும்.

மொதல்ல காம்போ வச்சீனோங்கற படத்த எடுங்க. பழைய ரோமோட நடு மைதானமான ரோமன் ஃபோரம்தான் அது, ஆனா 1700கள்ல பேரே மாட்டு மைதானம். மூணு தூண் மட்டும் தனியா நிக்கும் பாருங்க, காஸ்டர்ங்கற பழைய ரோம் சாமியோட கோயிலோடது, அதுக்கு பக்கத்துல வட்டமா ஒரு கல் தொட்டி, சுத்தி மாடுங்க. நான் ரொம்ப நாள் அத ஏதோ இடிபாடுன்னு நெனச்சு தாண்டிப் போயிட்டே இருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சுது மாடு தண்ணி குடிக்கிற தொட்டி, 1818ல அத தூக்கிட்டுப் போய் ரோம்லயே இருக்குற குயிரினால் மேட்டுல குதிரை சிலைங்களுக்கு கீழ ஃபவுண்டனா வச்சுட்டாங்க, இன்னமும் அங்கதான் இருக்கு. அப்படியே செவரஸ் பேரரசருக்காக கட்டுன வெற்றி வளைவையும் பாருங்க, பாதி மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கும், ஜனங்க அந்த மண்ணு மேலதான் நடமாடுறாங்க.

ஒரு விஷயத்துல உஷாரா இருங்க. பிரனேசி ஆளுங்கள வேணும்னே குட்டியா போடுவாரு, கட்டடம் பூதாகரமா தெரியணும்ல, அதனால ஆள வச்சு உயரம் கணக்கு போடாதீங்க. கைய நீட்டிட்டு கிழிசலோட நிக்குறதுங்கள்லயும் பாதி டிராமாதான்.

சாதாரண பொழப்பு பாக்கணும்னா அதே காலத்துல ரோம் படம் போட்ட ஜுசெப்பே வாசி பெட்டர், பேரே நம்மள வாசிக்க சொல்ற மாதிரி இருக்கு! பிரனேசியே ரோமுக்கு வந்த புதுசுல இவருகிட்டதான் செப்புத்தகடு வேலை கத்துக்கிட்டாரு. வாசி 1747லேர்ந்து 1761க்குள்ள ரோம் படங்கள 10 வால்யூமா போட்டிருக்காரு, படத்துக்கு கீழ நம்பர் போட்டு எது எந்த கட்டடம்னும் சொல்லிடுவாரு. அதுல ரிப்பெட்டா படித்துறை படத்த விட்டுடாதீங்க, வளைஞ்சு வளைஞ்சு எறங்குற படி, டைபர் ஆத்துல சரக்கு படகுங்க, இன்னைக்கு அந்த படித்துறையே இல்ல.

அப்புறம் ரோம்ல இருக்குற பியாஸ்ஸா நவோனாங்கற மைதானத்தோட படம் சிலதுல குதிரை வண்டிங்க தண்ணிக்குள்ள போகும். வெள்ளம்னு நெனச்சுடாதீங்க, ஆகஸ்ட் வெயிலுக்கு வீக்கெண்ட்ல ஃபவுண்டன் தண்ணி வெளிய போற வழிய அடைச்சு மைதானத்தையே குளமாக்குவாங்க, 1652ல ஆரம்பிச்சு 1866 வரைக்கும் இந்த கூத்து நடந்துச்சு. சந்தேகமா இருந்தா ஓரத்துல நிக்குற ஜனங்கள பாருங்க, ஒருத்தரும் மூட்டை முடிச்ச தூக்கிட்டு ஓடலன்னா அது வெள்ளம் இல்ல.