காலை ஐந்தே முக்காலுக்கு வார்டில் இருங்கள்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 7 ஆண்டுகள் மாப் பிடித்தேன். அதே கட்டடத்தில் 11 ஆண்டுகளாக ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஷிப்ட் ஆறு மணிக்கு என்றால் ஐந்தே முக்காலுக்குப் போய்விடுங்கள். இரவு வேலை பார்த்தவர்கள் ஆறு அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். எந்த அறையில் நோயாளி இறந்தார், எந்தக் கழிப்பறையில் தண்ணீர் தேங்குகிறது, யாருக்கு இரவெல்லாம் முதுகு வலித்தது என்பதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான் உங்கள் காதுக்கு வரும். பதிவேட்டில் 'எல்லாம் சரி' என்று மட்டும்தான் எழுதியிருக்கும்.

அடுத்தது யாருக்கு எந்த இடம் என்று பிரிப்பது. ஒரு வேலை செய்யுங்கள். போன மாதக் குறிப்பேட்டைப் புரட்டி, கழிப்பறை யார் பெயரில் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நான் எண்ணியபோது திரும்பத் திரும்ப அதே இரண்டு பெயர்கள்தான் வந்தன. அவர்கள் ஊர் எது, தெரு எது என்று பார்த்துத்தான் அந்த வேலை போயிருந்தது. இதை வாய்விட்டுச் சொல்ல யாரும் விரும்புவதில்லை. அன்றிலிருந்து வாரம் ஒருவர் என்று சுழற்சி வைத்தேன். "அந்த வேலையை நான் தொட மாட்டேன்" என்றார் ஓர் அண்ணன். முதல் வாரம் பிரஷ்ஷை நானே எடுத்துக் கழுவினேன். "அடுத்த வாரம் உங்கள் முறை அண்ணே" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தார், ஆனால் செய்தார். செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிவிடு என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

ஹைப்போ, அதாவது கிருமி கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம், கலக்குவதைக் கண்ணளவுக்கு விடாதீர்கள். 5 சதவீத ஹைப்போ என்றால் ஒரு மக் மருந்துக்கு நான்கு மக் தண்ணீர். அதே மக்கால் அளந்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். தரையில் ரத்தம் சிந்தியிருந்தால் உடனே மாப் போட்டு இழுக்கக் கூடாது. கையுறை போட்டு, உறிஞ்சும் துணியால் மூடி, அதன்மேல் கரைசலை ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தத் துணி மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குப் போகும். ஹைப்போவையும் ஆசிட்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய கழிப்பறைக்குள் அது ஆளையே சாய்த்துவிடும்.

பைகளின் நிறத்தைச் சுவரொட்டியால் கற்பிக்க முடியாது. எங்கள் சுவரொட்டி ஆங்கிலத்தில் இருந்தது. புதுக் கையுறை, ட்ரிப் குழாய், பஞ்சு, மருந்துக் குப்பி, ஊசி எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, ஒவ்வொருவரையும் கையால் எடுத்துப் போட வைத்தேன். பஞ்சு மஞ்சளுக்கு, குழாயும் கையுறையும் சிவப்புக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு, ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. அரை மணி நேரத்தில் படிந்துவிட்டது.

சுத்தத்தைச் சோதிக்க நின்றபடி பார்த்தால் போதாது. டிஸ்சார்ஜ் ஆன கட்டிலருகே குந்தி உட்காருங்கள். பக்கக் கம்பியின் அடியில் விரலை ஓட்டினால் பிளாஸ்திரிப் பசை பிசுபிசுக்கும். சக்கரத்தில் தலைமுடி சுற்றியிருக்கும். அழைப்பு மணிப் பொத்தானின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். எத்தனை கைகள் பட்ட பொத்தான் அது! மேலிருந்து கீழ், சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடம், உள்ளிருந்து வாசல் என்பதுதான் வரிசை. வார்டில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தூசி எழும்பி நோயாளிமேல் படியும்.

குறை கண்டால் அந்த ஆளை மட்டும் அழைத்துக் காட்டுங்கள். இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் மனதை அறுக்கிறது. ஒருமுறை கையுறையை வீணாக்கியதற்காக ஓர் அக்காவை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அடுத்த வாரம் குப்பைப் பையில் யாரோ போட்டிருந்த ஊசி அவர் விரலில் குத்தியது. விரலில் துணி சுற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் வேலை செய்திருக்கிறார். கையுறைக்குள் அந்த விரல் மட்டும் தடித்துத் தெரிந்ததை நான் தற்செயலாகப் பார்த்தேன். ஏன் சொல்லவில்லை என்றேன். "திட்டுவீர்கள் என்று நினைத்தேன்" என்றார்.

ஊசி குத்தினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை. அன்றைய சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்கினேன். அந்த அக்காவுக்குப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை என்று வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

சம்பளச் சீட்டையும் அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தம் 0.75 சதவீதம்தான். பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா, அட்டை எண் சரியா என்று கேட்பது உங்கள் வேலை. விரிப்புகளும் துணிகளும் வைக்கும் லினன் அறையில் நாற்காலிகள் போடுங்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தப்பட்டது.

மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். நடுவில் ஒப்பந்த நிறுவனம் மாறினால் இரண்டாவதும் மூன்றாவதும் காணாமல் போய்விடும். அதனால் தேதிகளை என் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இரண்டாவது ஊசி இந்த வெள்ளிக்கிழமை. அவளைப் பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டேன்.